மார்ச் மாதத்தில் வந்த படகுகள்

எங்கள் பேரூராட்சி பயணிகள் படகு வாங்கியது ஒரு மார்ச் மாதத்தில். அப்போது ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நடு ஏரியில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். படகுகளை ஏற்றிவந்த லாரி கரையில் நிற்காமல் நேராக ஏரிக்குள்ளேயே இறங்கி, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஹாரன் அடித்தது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள். எங்கள் ஊர் ஓடங்கள் வண்டியில் ஏறி வந்ததோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டம் இருந்திருக்காது.

எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், எண்பதுகளின் கடைசி வருஷங்கள். இவ்வளவு சொன்னால் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

ஏரிக்கு மேட்டுப் பக்கம் பழைய ஊர், கோயில், ரயில் நிலையம். பள்ளத்துப் பக்கம் எங்கள் காலனி. காலனி இருந்த இடம் ஒரு காலத்தில் நெல்வயல். மின்சார ரயிலைப் பார்த்து ஆபீஸ்காரர்கள் மனை கேட்டு வர ஆரம்பித்ததும், ஊர்ப் பெரிய குடும்பங்கள் ஏர் ஓட்டுவதை விட்டுவிட்டு வயலைக் கூறுபோட்டு விற்றார்கள். வயலோடு சேர்த்து, ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஓடுவதற்கென்று இருந்த கால்வாயையும் தூர்த்து விற்றார்கள். எங்கள் அப்பாவைப் போன்ற குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் பிராவிடண்ட் ஃபண்டில் கடன் போட்டு அதை வாங்கினார்கள். விற்றவருக்கும் வெட்கமில்லை, வாங்கியவருக்கும் விசாரணையில்லை. மழைக்காலம் வந்ததும், போக வழியில்லாத தண்ணீர் ஸ்டேஷனுக்குப் போகும் ஒரே சாலையின் மேல் ஏறி நின்றது. வருஷா வருஷம் பத்துப் பதினைந்து நாள் காலனி தனித்தீவு. ஆண்கள் பேன்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு லுங்கியோடு நடந்து, ஸ்டேஷன் எதிரே டீக்கடையின் பின்பக்கம் உடை மாற்றி ரயில் ஏறுவார்கள். பெண்கள் லீவு போடுவார்கள். லீவு கிடைக்காதவர்கள் ஏரிக்கரை மேலேறி ஊரைச் சுற்றிப் போவார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா தட்டச்சில் ஹையர் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிந்துவிடும். அதற்குள் ஒரு நேர்காணலுக்குக் கூப்பிட்டால் உண்டு. இல்லாவிட்டால் அரசாங்க வேலை என்கிற பேச்சே கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் இது ஒன்றுதான் கவலை. தபால்காரர் தெருவில் திரும்பினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவாள்.

படகு வருவதற்கு முந்தைய மழை முடிந்ததும் காலனி நலச் சங்கம் கூட்டம் போட்டது. பேரூராட்சித் தலைவரை அழைத்திருந்தார்கள். மனைகள் விற்ற குடும்பத்தின் மூத்த வாரிசு அவர்தான். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. பிளாஸ்க், மடக்குக் குடை, இங்கிலீஷ் இவை மூன்றும் இல்லாமல் வெளியே வரமாட்டார். என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கா எழுந்து, கால்வாய் இருந்த இடத்தைத் திரும்ப வெட்டிவிட்டால் தண்ணீர் தானாகப் போய்விடுமே என்று கேட்டாள். சபை அப்படியே அடங்கிவிட்டது. தலைவர் மீசையைத் தடவினார். செயலாளர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். ஏனென்றால் கால்வாயை வெட்டினால் தலைவர் வாங்கிய காசுக்குப் பதில் சொல்ல வேண்டும், செயலாளரின் மாடி வீட்டை இடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறமும் பாதி போகும். அப்பா அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அந்த மௌனத்தில் பிறந்ததுதான் படகு. செயலாளர் வெனிஸ் நகரத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அவர் அங்கே போனதில்லை, காலண்டரில் பார்த்திருந்தார். தலைவருக்கு யோசனை பிடித்துவிட்டது. படகுக்கு யார் வீட்டையும் இடிக்க வேண்டாம். எல்லோரும் கை தட்டினார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஆளில்லை. கேட்டவளை ஏற்கெனவே உட்கார வைத்துவிட்டார்களே.

வாங்கின லட்சணத்தையும் சொல்ல வேண்டும். வந்த நிதியை மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்பது பேரூராட்சியின் வேதவாக்கு. ஆகையால் தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கும், எந்த வழியாகப் படகு போகும், வழியில் என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவகாசமில்லை. கடற்கரை ஓரத்தில் இன்னொரு பேரூராட்சி படகு வாங்கியதற்கு ஒரு உத்தரவு இருந்ததாம். அதைக் கொண்டுவந்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே படியெடுத்து அனுப்பினார்கள். கடற்கரைக்காரர்கள் அலைக்கு ஏற்றபடி கேட்டிருந்தார்கள். எங்களுக்கும் அலைக்கு ஏற்ற படகே வந்தது. பக்கச் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி, அடிப்பாகம் குடம் மாதிரி ஆழம். இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் தார்ச்சாலையில் ஓட்டுவதற்கு.

படகோட்டிக்கு என்ன தகுதி என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். படகுக்கு லைசென்ஸ் என்று ஒன்று அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அதனால் கனரக வாகன ஓட்டுநர் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். தலைவரின் மச்சான் வயல் இருந்த காலத்தில் டிராக்டர் ஓட்டியவர், லாரி லைசென்ஸும் வைத்திருந்தார். வேலை அவருக்குப் போயிற்று. டிராக்டரில் பின்னால் பார்க்காமலே ரிவர்ஸ் எடுப்பதில் அவருக்கு ஊரில் பெயர் உண்டு.

திறப்பு விழாவும் அந்த வறண்ட ஏரியிலேயே நடந்தது. படகுகளுக்குச் சந்தனம் தெளித்து, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். புது வண்டி என்றால் தேங்காய் உடைக்க வேண்டும். தலைவர் உணர்ச்சிவசப்பட்டு முதல் படகின் மூக்கிலேயே ஓங்கி உடைத்தார். தேங்காய் உடையவில்லை, படகின் ஃபைபர் விரிசல் விட்டுவிட்டது. அபசகுனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அந்த இடத்தில் சட்டென்று மாலையை இழுத்துவிட்டார்கள். பிறகு தலைவரும் செயலாளரும் படகில் ஏறி உட்கார்ந்து, காய்ந்து வெடித்த மண்ணின் மேல் துடுப்புப் போடுவது போலப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் அக்காவும் அன்று சிரித்த சிரிப்பில் அம்மா எங்களை வீட்டுக்கு விரட்டினாள்.

கோடை முழுக்கப் படகுகள் பேரூராட்சி அலுவலகத்தின் வேப்ப மரத்தடியில் கிடந்தன. ஒன்றில் யாரோ மிளகாய் காயப்போட்டார்கள். இன்னொன்றில் கோழி அடைகாத்தது. ஆக மொத்தம் அந்த வருஷம் படகால் முதலில் பயன் பெற்றது கோழிதான்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, வழக்கம்போலச் சாலை மூழ்கியது. படகுகளை இறக்கினார்கள். எஞ்சினின் விசிறியில் செடிகொடி சுற்றிக்கொண்டதால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, டிராக்டர்காரர் மூங்கிலை ஊன்றித் தள்ளினார். தேங்காய் பட்ட படகு கசிந்தது. அதை வேப்ப மரத்தடிக்கே திருப்பி அனுப்பினார்கள். மிச்சம் ஒன்று. அதில் ஏறுவதற்குக் காலனிப் பக்கத்தில் சங்கத்தின் மேஜையைப் போட்டு அதன்மேல் ஒரு ஸ்டூல். ஸ்டேஷன் பக்கத்தில் சிறு பாலத்தின் திண்டு. நடுவழியில் ஏற ஒரு வழியும் கிடையாது. இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பஸ் மாதிரிதானே, ஏறும் இடம் ஒன்று, இறங்கும் இடம் ஒன்று என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரம்தான் அக்காவுக்கு நேர்காணல் வந்தது. நுங்கம்பாக்கத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகம். காலை பத்து மணிக்கு இருக்க வேண்டும். அம்மா அவள் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு அழுதாள். அக்காவுக்குச் சாலையைப் பற்றித்தான் கவலை. விடியற்காலையிலேயே கிளம்பி ஏரிக்கரை மேல் சுற்றிப் போய்விடுகிறேன் என்றாள். இல்லாவிட்டால் முதல் நாளே சிட்லபாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கிவிடுகிறேன் என்றாள். இரண்டும் நல்ல யோசனை. அப்பா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கரையில் சறுக்கும், புதுப் புடவை பாழாகும், வயசுப் பெண் இருட்டில் தனியாகப் போவதாவது என்று அடுக்கினார். அதோடு செயலாளர் வேறு வீடு தேடி வந்து, "உங்க டாட்டருக்கு ஃபர்ஸ்ட் சீட் சார். இதுக்குத்தானே போட் வாங்கியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதிகாரி வீடு தேடி வந்ததே பெருமை. தானும் கூடவே படகில் வந்து ரயிலேற்றிவிடுவதாகச் சொன்னார். அக்கா வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

காலையில் நான் அவளோடு மேஜை வரைக்கும் போனேன். மழை நின்று வானம் மூட்டமாக இருந்தது. அரக்கு நிறத்தில் சின்னாளப்பட்டுப் புடவை, கையில் சான்றிதழ் ஃபைல். ஸ்டூலில் ஏறிப் படகில் இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா. பின்னால் செயலாளரும் ஆபீஸ் போகும் காலனி ஆண்கள் ஏழெட்டுப் பேரும். எல்லோரும் இஸ்திரி போட்ட பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. லுங்கி கட்டிக்கொண்டு நடந்த அவமானத்துக்கெல்லாம் சேர்த்து, ஷூ போட்டு வந்திருந்தார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்று கையசைத்தேன்.

சாலையில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றிருந்ததால், டிராக்டர்காரர் படகைச் சாலையிலிருந்து ஒதுக்கி, பக்கத்தில் இன்னும் வீடு கட்டாத மனைகளுக்கு மேலே விட்டார். பார்ப்பதற்கு விரிந்த ஏரி மாதிரிதான் இருந்தது. ஆனால் தண்ணீருக்கு அடியில், ஒவ்வொரு மனையின் நாலு மூலையிலும், மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள் நட்டிருந்தன. நட்டவர்கள் தலைவரின் வீட்டார். படகு தள்ளிய இந்த மச்சானும் கூட நின்று கயிறு பிடித்தவர்தான். அந்தக் கற்கள் ஊருக்கே தெரியும். ஆனால் தண்ணீர் மூடியதும் கல்லும் கரைந்துவிட்டதென்று நினைத்தார்களோ என்னவோ. படகு ஒரு கல்லின் மேல் ஏறி, கரகரவென்று சத்தம் போட்டு நின்றது.

டிராக்டர்காரர் முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார், மூங்கில் வளைந்ததுதான் மிச்சம். நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு எல்லாமே தெரிந்தது, பாதி கேட்டது. மற்றதை அக்கா பிறகு சொன்னாள். அவர் மூங்கிலை மடியில் வைத்துக்கொண்டு, "வெய்ட்டு ஓவராக்கீது சார். ஒரு ஆளு எறங்குனா எழும்பிக்கும்" என்றாராம்.

படகில் ஒருவரும் அசையவில்லை. இடுப்பளவுத் தண்ணீர், அவ்வளவுதான். போன வருஷம் வரைக்கும் அதே தண்ணீரில் நடந்து போனவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவர் தனக்கு அன்று ஆடிட் என்றார். ஒருவருக்கு சளி. செயலாளர் தன் இதயத்தைப் பற்றி இங்கிலீஷில் சொன்னார். இன்னொருவர், பேரூராட்சிக்கு ஆள் அனுப்பினால் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். அனுப்புவதற்கு யார் இறங்குவது என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா பாதி எழுந்தார். படகு ஆடியது. டிராக்டர்காரர், "பெர்சு, குந்து. கவுந்துடும்" என்று அதட்டினார். அப்பா உட்கார்ந்தார்.

தண்டவாளத்துப் பக்கம் ரயில் சத்தம் கேட்டது. அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினாள். புடவையை வரிந்து கட்டினாள். ஃபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கினாள். அத்தனை ஆண்களும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். பாத்தும்மா, பாத்து என்று நாலைந்து குரல் கேட்டது. ஜாக்கிரதை சொல்வதில் எங்கள் காலனிக்காரர்களை மிஞ்ச முடியாது.

அவள் இறங்கியதும் படகு எழும்பியது. டிராக்டர்காரர் ஒரே ஊன்றில் அதைக் கல்லிலிருந்து நகர்த்தினார். அக்கா கையை நீட்டினாள். படகின் சுவர் அவள் தாடை உயரத்துக்கு இருந்தது. ஏற மேஜையும் இல்லை, ஸ்டூலும் இல்லை. நின்று தூக்கிவிட வேண்டுமென்றால் இரண்டு பேர் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் கவிழ்ந்துவிடும். நிறுத்தினால் மறுபடி மாட்டிக்கொள்ளும் என்று டிராக்டர்காரர் நிறுத்தவில்லை. படகு போயிற்று. அப்பா திரும்பிப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அக்காவின் செருப்பு இருந்தது.

எனக்கு இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

நான் அவளை நோக்கி ஓடினேன். தண்ணீரில் எங்கே ஓடுவது? நான் போய்ச் சேருவதற்குள் அவள் நாலடி எடுத்து வைத்தாள். யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்த பள்ளம் அங்கே இருந்தது. கழுத்து வரைக்கும் உள்ளே போனாள். ஃபைலும் போயிற்று. நான் அவளைப் பிடித்து மேலே இழுத்தபோது அவள் முதலில் கேட்டது ஃபைலைத்தான். எடுத்தோம். தட்டச்சுச் சான்றிதழில் அவள் பெயர் நீலமாகக் கரைந்து இருந்தது.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்து ஸ்டேஷனுக்குப் போனபோது, அவள் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டிருந்தது. ஷூக்காரர்கள் எல்லோரும் அதில் ஏறிப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் பிளாட்பாரத்தில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். அக்கா அதை வாங்கி மாட்டிக்கொண்டு, அடுத்த வண்டியில் ஈரப் புடவையோடு ஏறினாள். என்னையும் வர வேண்டாம் என்றாள், அப்பாவையும் வர வேண்டாம் என்றாள். நுங்கம்பாக்கத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கெஞ்சி உள்ளே போனாள். சான்றிதழைப் பார்த்தவர்கள், இதைப் படிக்க முடியவில்லையே, வேறு வாங்கிக்கொண்டு அடுத்த தடவை வாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்களாம். படகு மாட்டிக்கொண்டது என்று அவள் சொன்னதற்கு நேர்காணல் செய்த மூன்று பேரும் சிரித்தார்களாம். தாம்பரத்துப் பக்கத்திலிருந்து படகில் வந்தேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். அடுத்த தடவை என்பது அவளுக்குக் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியாது.

மழை முடிந்து, தை பிறந்தது. அக்கா பல்லாவரத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் பிளாஸ்க்கும் குடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மார்ச் நெருங்குகிறது, இந்த வருஷமும் நிதி இருக்கிறது, இன்னும் இரண்டு படகு கேட்கப்போகிறோம் என்றார். படகால் காலனிக்கு எவ்வளவு நன்மை என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும், பயணம் செய்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், பெண்கள் தரப்பில் ஒருவராவது இருந்தால் எடுபடும் என்றார். படகில் ஏறிய ஒரே பெண் அக்காதான். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அப்பா நேத்தே சைன் பண்ணிட்டார்மா. யூ ஆல்ஸோ சைன்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். எனக்கும் அது அப்போதுதான் தெரியும். அப்பா கொல்லைப்புறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்வாய் வெட்டினால் பாதி போகக்கூடிய அந்தக் கொல்லைப்புறம்தான்.

அவள் குரல் உயரவில்லை. செயலாளர் பக்கம் திரும்பவும் இல்லை.

"நான் இறங்கினப்புறம்தான்பா படகு நகர்ந்தது. கையெழுத்துப் போட்டப்ப அதையும் எழுதினீங்களா?"

செயலாளர் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். மார்ச்சில் இன்னும் இரண்டு படகுகள் லாரியில் வந்து இறங்கின. அடுத்த மழைக்கு அப்பா மேஜையருகே வரிசையில் நின்றார். அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, அவரைத் தாண்டித் தண்ணீருக்குள் நடந்து போனாள்.